மூச்சு விடும் இடங்கள்

ஒலித்தொகுப்பு வேலையில் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில் நான் அதிகமாகச் செய்தது, பாடுபவர்களின் மூச்சை அழிப்பதுதான். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதற்கு முன்பு பாடுபவர் காற்றை உள்ளிழுக்கும் ஓசை, கணினித் திரையில் ஒலியலையின் நடுவே சிறு புதர் போலத் தெரியும். பாட்டாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து நீக்கிவிடலாம். பின்னால் ஒலிக்கும் இசை அந்தக் குழியை மறைத்துவிடும். பேச்சாக இருந்தால் அது போதாது. அதே அறையில் யாரும் பேசாதபோது பதிவு செய்து வைத்திருக்கும் வெற்று ஓசையை, ரூம் டோன் என்று நாங்கள் சொல்வதை, நீக்கிய இடத்தில் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் கேட்பவரின் காது அந்த வெறுமையில் இடறும். மூச்சுக்குப் பிறகு பிசிறு, பிசிறுக்குப் பிறகு சுருதி விலகல், அதற்கும் பிறகு தாளத்துக்கு இம்மியளவு முன்னோ பின்னோ விழுந்த அசைகள் என்று வேலை நீளும். ஒரே பாடலைப் பத்துப் பன்னிரண்டு முறை பாட வைத்து, ஒரு டேக்கிலிருந்து ஒரு வரியும் இன்னொன்றிலிருந்து அரை வரியுமாகப் பொறுக்கி ஒட்டி, ஒருபோதும் எவரும் முழுமையாகப் பாடியிராத ஒரு பாடலை உருவாக்குவோம். அந்த வேலையில் எனக்குப் பெருமிதம் இருந்தது. இப்போதும் அதை இழிவாக நினைக்கவில்லை.

என்னைவிட மிகவும் மூத்த பாடகி ஒருவர், அப்படி முடித்த தம் பாடலைக் கேட்க வந்தார். கண்களை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டுவிட்டு, ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தபடி, "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, தம்பி. ஆனால் இந்தப் பாட்டில் நான் எங்கே மூச்சு விடுகிறேன்?" என்று கேட்டார். கேட்பவர்களுக்கு அந்த ஓசை பிடிக்காது என்று நான் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை.

பாடல் வெளிவந்தது. கேட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். பேச்சு அதோடு நின்றது. சில வாரங்களுக்குப் பிறகு, அதே பாடலின் ஒத்திகையை வாத்தியக்காரர்களில் ஒருவர் கைபேசியில் எடுத்திருந்த காணொளியும் வெளியே வந்தது. ஒரே ஒரு கைபேசி, மூலையில் ஒரு மின்விசிறியின் இரைச்சல், பாதி மறைந்த முகங்கள். இரண்டாம் சரணத்தை எடுக்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு அந்தப் பாடகி சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே கையால் தாளத்தைப் பிடித்து, அடுத்த சுற்றில் சரியான இடத்தில் வந்து சேர்கிறார். அவரை நெருங்கி வந்து பேசியவர்கள் அனைவரும் அந்தக் காணொளியைப் பற்றியே பேசினார்கள். அதைக் கேட்டு அழுததாகச் சொன்னவர்களும் உண்டு. நான் நாட்கணக்கில் உழைத்துச் சீர்செய்த பாடலைக் கேட்டு எவரும் அழுததாக எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது: திருத்தப்படாத ஒன்றை நோக்கி மக்கள் ஏன் இவ்வளவு ஆவலோடு போகிறார்கள்? அறையில் தனியாக அமர்ந்து கேமராவைப் பார்த்துப் பேசுபவரை, மணிக்கணக்காக நீளும் வெட்டப்படாத உரையாடலை, அடுத்த நொடியில் என்ன நடக்கும் என்று நடத்துபவருக்கே தெரியாத நேரலையை அவர்கள் தேர்ந்தெடுப்பது எதனால்? ரசனை குறைந்துவிட்டது, பொறுமை போய்விட்டது என்று துறைக்குள் சொல்லப்படும் விளக்கத்தை நான் ஏற்கவில்லை. மூன்று மணி நேர உரையாடலை வெட்டின்றிக் கேட்பவரிடம் பொறுமை இல்லை என்று எப்படிச் சொல்வது?

பதிவு செய்து திருத்தி வழங்குவது அப்படியொன்றும் பழைய வழக்கம் அல்ல என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 1940களின் நடுப்பகுதிவரை அமெரிக்காவின் பெரிய வானொலி நிறுவனங்கள் தங்கள் முக்கியமான நிகழ்ச்சிகளை நேரலையாகவே நடத்தின. வாரந்தோறும் நேரலையில் நிற்பதை விரும்பாத பாடகர் பிங் கிராஸ்பி, பதிவு செய்த நிகழ்ச்சியை ஏற்றுக்கொண்ட வேறொரு நிறுவனத்துக்கு 1946இல் மாறினார். மறு ஆண்டு ஜாக் முல்லின் என்ற பொறியாளர், போர் முடிந்தபின் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்திருந்த காந்த நாடா இயந்திரங்களைக் கொண்டு அந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்யத் தொடங்கினார். நாடாவை வெட்டி ஒட்டலாம் என்பதால், சரியாக வராத பகுதியை எறிந்துவிட்டு நன்றாக வந்ததை மட்டும் வைத்துக்கொள்ள முடிந்தது. இதில் முல்லின் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த ஒரு நிகழ்ச்சி என்னை நிறைய யோசிக்க வைத்தது. ஒரு நகைச்சுவைக் கலைஞர் வானொலியில் ஒலிபரப்ப முடியாத அளவுக்குக் கொச்சையான கதைகளைச் சொல்ல, அரங்கம் அடக்க முடியாமல் சிரித்திருக்கிறது. கதைகளை வெட்டி எறிந்தார்கள். சிரிப்பை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். சில வாரங்கள் கழித்து, அவ்வளவாகச் சிரிப்பு வராத வேறொரு நிகழ்ச்சியில் அந்தச் சிரிப்பைக் கொண்டுபோய் ஒட்டினார்கள்.

திருத்தம் என்பது எந்த இடத்தில் வேறொன்றாக மாறியது என்று யாராவது கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். தவறிய சுருதியை நீக்குவது கேட்பவருக்குச் செய்யும் மரியாதை. நடக்காத சிரிப்பை நடந்ததாகக் காட்டுவது அப்படிப்பட்டதன்று. 1950களில் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப்பொறியாளர், தட்டச்சுப்பொறி போல விசைகள் கொண்ட ஒரு சிரிப்புப் பெட்டியையே செய்தார். மெல்லிய சிரிப்பு, வெடிச்சிரிப்பு, தாமதமாகப் புரிந்துகொண்டவரின் சிரிப்பு என ஒவ்வொன்றையும் விரல் நுனியில் வரவழைக்கலாம். அதை அவர் பூட்டுப் போட்டுப் பாதுகாத்தார். பல ஆண்டுகள் அமெரிக்கத் தொலைக்காட்சியின் நகைச்சுவைத் தொடர்கள் அந்தப் பெட்டியின் துணையோடு ஓடின.

ஆனாலும் அந்தக் காலத்தில் மெருகுக்கு ஒரு மதிப்பு இருந்தது. நேர்த்தியான ஒலியும் ஒளியும் பெரும் பொருட்செலவையும் பலரது உழைப்பையும் கேட்டன. ஆகவே ஒன்று நேர்த்தியாக இருந்தால், அதற்குப் பின்னால் அக்கறை கொண்டவர்கள் இருந்தார்கள் என்று பார்ப்பவர் நம்பலாம். அந்த நம்பிக்கை மெல்லக் கரைந்ததற்குக் கருவிகள் மலிந்ததே முதல் காரணம் என்று நினைக்கிறேன். 1997இல் ஆட்டோட்யூன் என்ற மென்பொருள் வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட், அதற்கு முன்பு, நிலத்துக்குள் அனுப்பிய ஒலியலைகளின் எதிரொலியை ஆராய்ந்து எண்ணெய் இருக்கும் இடத்தைக் கண்டறியும் துறையில் பணியாற்றியவர். பாறை அடுக்குகளைப் படிக்கப் பயன்பட்ட அதே வகைக் கணக்கு, மனிதக் குரலின் சுருதியைப் படிக்கவும் பயன்பட்டது. பாடகர்கள் மாதக்கணக்கில் பழகிப் பெற்ற துல்லியம் ஒரு நொடியில் கிடைத்தது. பிறகு முகத்தைச் சீராக்கும் வடிகட்டிகள் கைபேசிக்குள்ளேயே வந்தன. இன்று நேர்த்தி என்பது ஒன்றுமே செய்யாவிட்டாலும் கிடைக்கக்கூடிய ஒன்று. எதுவும் செய்யாமல் கிடைப்பதைக் கண்டு யாரும், இதற்காக ஒருவர் உழைத்திருக்கிறார் என்று நெகிழ்வதில்லை. அக்கறையின் அடையாளத்தைப் பார்வையாளர்கள் இப்போது வேறு இடத்தில் தேடுகிறார்கள்.

எங்கே தேடுகிறார்கள் என்பதைச் சொல்ல நம் மொழியிலேயே ஒரு சொல் இருக்கிறது. மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடல். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. உள்ளத்தில் எழுந்தது உடலில் வெளிப்பட்டு, எதிரே இருப்பவருக்கும் புலனாவதே மெய்ப்பாடு. ஒத்திகையில் இடம் தவறிச் சிரித்தாரே அந்தப் பாடகி, அவர் சிரிப்பதாக முடிவெடுத்துச் சிரிக்கவில்லை. உடல் முந்திக்கொண்டது. பார்த்தவர்களுக்கு அது தெரிந்தது. அங்கே ஒருவர் இருந்தார், அந்தக் கணம் அவர் கைமீறிப் போயிருக்கக்கூடும், அவர் அதை மீட்டார் என்ற மூன்றும் அந்தச் சில நொடிகளில் இருந்தன. நான் முடித்துக் கொடுத்த பதிவில் இவற்றில் ஒன்றுமே இல்லை. அதில் எதுவும் தவறியிருக்க முடியாது. ஆகவே எதுவும் மீட்கப்படவும் இல்லை.

மக்கள் விரும்புவது குறைபாட்டை என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லாதது இதனால்தான். குறைபாட்டை யாரும் விரும்புவதில்லை. தவறிவிடக்கூடிய ஒரு செயலைக் கண்முன்னே ஒருவர் செய்து முடிப்பதைக் காண விரும்புகிறார்கள். கயிற்றின்மேல் நடப்பவர் தடுமாறும்போது நாம் மூச்சைப் பிடித்துக்கொள்வது அவர் விழ வேண்டும் என்பதற்காக அல்லவே.

அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர். 2008இல் தொடங்கிய டைனி டெஸ்க் இசை நிகழ்ச்சிகள் இதை எனக்கு நன்றாக விளக்கின. பாப் பொய்லன் என்ற ஒலிபரப்பாளருடையதாக இருந்த அலுவலக மேசைக்குப் பின்னால், அலமாரிகளுக்கும் அடுக்கிய பொருள்களுக்கும் நடுவே, கலைஞர்கள் நெருக்கியடித்து நின்று வாசிப்பார்கள். கூட்டத்தின் இரைச்சலில் ஒரு பாடகியின் மெல்லிய குரல் அமுங்கிப் போனதைக் கண்டு எழுந்த எண்ணம் அது. பாடகரின் குரலைப் பெருக்கித் தரும் ஒலிபெருக்கி அந்த அறையில் கிடையாது. ஆகவே மற்ற வாத்தியங்கள் எல்லாம் குரல் கேட்கும் அளவுக்குத் தங்களைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். பெரிய மேடைகளில் ஓசையால் அரங்கை நிரப்பிப் பழகியவர்கள், அங்கே பக்கத்தில் இருப்பவரைக் காதால் தேடி வாசிப்பதைப் பார்க்கலாம். ஒருவரையொருவர் கேட்காமல் அங்கே தப்பிக்க வழியில்லை. அந்த நிகழ்ச்சிகளின் அழகு எளிமையான பின்னணியில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். என் காதுக்கு அது இந்தக் கட்டாயத்தில் இருக்கிறது.

எளிமை என்பது அலட்சியம் அல்ல என்பதற்கு இன்னொரு சான்று என் தொழிலில் எல்லோரும் அறிந்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் தம் வீட்டு அறையில், நான்கு தடங்கள் மட்டுமே கொண்ட சிறிய கேசட் கருவியில், தனியாகச் சில பாடல்களைப் பதிவு செய்தார். இசைக்குழுவுக்குக் காட்டுவதற்கான மாதிரிகள் அவை. பிறகு குழுவோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் அவற்றை மறுபடியும் வாசித்துப் பார்த்தபோது, கேசட்டில் இருந்த ஏதோ ஒன்று அங்கே திரும்பி வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டையே 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அதைத் தட்டுக்கு மாற்றுவதற்குப் பொறியாளர்கள் படாத பாடு பட்டார்கள். பச்சையான பதிவு என்று அதைப் புகழ்பவர்கள், அந்தப் பாடல்களின் வரிகள் எவ்வளவு செதுக்கப்பட்டவை என்பதை மறந்துவிடக் கூடாது. மெருகு அங்கே எழுத்தில் நடந்து முடிந்துவிட்டது. பதிவில் அதற்கு வேலை இருக்கவில்லை.

திரைப்படத்தில் இதை ஒரு விரதமாகவே எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. டென்மார்க் இயக்குநர்கள் லார்ஸ் வான் டிரையரும் தாமஸ் விண்டர்பர்க்கும் 1995இல் அறிவித்த டாக்மே 95 என்ற இயக்கம் பத்து விதிகளை வகுத்தது: உண்மையான இடத்தில்தான் படம் எடுக்க வேண்டும், கேமரா கையில் இருக்க வேண்டும், ஒலியைப் படத்திலிருந்து பிரித்துத் தனியாக உருவாக்கக் கூடாது, தனி விளக்குகள் கூடாது. 1998இல் விண்டர்பர்க் எடுத்த அந்த இயக்கத்தின் முதல் படத்தில், ஒரு காட்சிக்காகச் சன்னலைத் துணியால் மூடியதைத் தாமே முன்வந்து விதிமீறலாக ஒப்புக்கொண்டார். சன்னலை மூடுவது என்ன பெரிய குற்றம் என்று தோன்றலாம். எனக்கு அந்த ஒப்புதல் மிகவும் பிடித்திருக்கிறது. எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை என்று பார்ப்பவரிடம் சொல்லும் கடமை தமக்கு இருப்பதாக அவர் நினைத்தார்.

அந்தக் கடமையை மறந்தவர்களும் விரைவாகவே வந்தார்கள். யூடியூபின் முதல் காணொளி, அதை நிறுவியவர்களில் ஒருவர் விலங்குக்காட்சிச்சாலையில் யானைகளின் முன் நின்று பேசும் 19 நொடிப் பதிவு. ஏற்றப்பட்டது 2005 ஏப்ரலில். அடுத்த ஆண்டே, அதே தளத்தில் ஒரு பதின்பருவப் பெண் தன் படுக்கையறையிலிருந்து பேசும் நாட்குறிப்பு போன்ற காணொளிகள் பெரும் கூட்டத்தை ஈர்த்தன. லோன்லிகேர்ள்15 என்பது அந்தக் கணக்கின் பெயர். 2006 செப்டம்பரில், அவள் ஒரு நடிகை என்பதும், பேசியவை பிறர் எழுதிக்கொடுத்தவை என்பதும் தெரியவந்தது. மங்கலான வெளிச்சமும் கேமராவை மிக நெருங்கிய முகமும் அங்கே வேண்டுமென்றே அமைக்கப்பட்டவை. அன்று தொடங்கிய நுட்பம் இன்று விளம்பரத் துறையின் அன்றாடக் கருவி. தொழில்முறைக் கேமராவை வைத்துக்கொண்டு, கை நடுங்குவது போல் படம் எடுக்கிறார்கள். பேசுபவர் தடுமாறுவதற்கென்றே வசனத்தில் இடம் விடுகிறார்கள். சிரிப்புப் பெட்டி போய், தயக்கப் பெட்டி வந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதில் என்னை உலுக்கிய ஒன்று உண்டு. எழுத்தைக் குரலாக மாற்றும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றை அண்மையில் கேட்டேன். அந்தக் குரல், ஒரு நீண்ட வாக்கியத்துக்கு முன்னால் மூச்சை இழுத்தது. நுரையீரல் இல்லாத ஒன்று மூச்சு வாங்கியது. மனிதர்களின் பதிவிலிருந்து நான் ஆண்டுக்கணக்கில் துடைத்து எறிந்த அதே ஓசை, மனிதர் எவரும் இல்லாத இடத்தில் மனிதர் இருப்பதாக நம்ப வைக்கப் பயன்படுகிறது. அன்று இரவு எனக்கு வேலை ஓடவில்லை. மூச்சொலி ஒரு சான்று என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு, சான்றையும் தயாரிக்க முடியும் என்றால் பார்ப்பவர்கள் எதைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற கேள்விக்கு உடனே விடை தோன்றவில்லை. பிடித்துக்கொள்ள மீதம் இருப்பது நம்பிக்கை என்று இப்போது எண்ணுகிறேன்: ஒருவரை நீண்ட காலம் கவனித்து, அவர் தவறியதையும் திருத்திக்கொண்டதையும் அறிந்து, அதனால் ஏற்படும் நம்பிக்கை. ஒரு காணொளியில் அதைப் போலியாக உருவாக்கலாம். பல ஆண்டுகளுக்கு நீட்டிப்பது அத்தனை எளிதாக இருக்காது.

அப்படி நீண்டகாலம் கவனிப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு; அதைச் சொல்லாமல் போனால் நான் பாதி உண்மையே சொன்னவன் ஆவேன். தொலைக்காட்சி பரவிய காலத்திலேயே, 1956இல், டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள், திரையில் தோன்றுபவரோடு தமக்கு நெருக்கமான உறவு இருப்பதாகப் பார்வையாளர்கள் உணர்வதைப் பற்றி எழுதினார்கள். அந்த உறவு ஒருபக்கமானது. திரைக்கு அப்பால் இருப்பவருக்கு இவரைத் தெரியாது. உண்மையாக இரு, உள்ளதை உள்ளபடி காட்டு என்ற கோரிக்கை அங்கிருந்து எழும்போது அதற்கு எல்லை இருப்பதில்லை. இழப்பு நேர்ந்த அன்றே கேமராவின் முன் அமர்ந்து பேசுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது ஆறுதலாக இருந்ததா, பார்ப்பவர்கள் எதிர்பார்ப்பார்கள் என்ற அச்சத்தில் செய்தார்களா என்பது அவர்களுக்கே தெளிவாக இருக்குமா என்று எனக்கு ஐயம். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 1973இல் ஒளிபரப்பான 'ஆன் அமெரிக்கன் ஃபேமிலி' என்ற தொடர், ஒரு குடும்பத்தின் வாழ்க்கையை மாதக்கணக்கில் கூடவே இருந்து படம்பிடித்தது. ஏறத்தாழ 300 மணி நேரப் பதிவு 12 பகுதிகளாகச் சுருங்கியது. பெற்றோரின் மணமுறிவும் அதற்குள் இருந்தது. ஒளிபரப்பான பிறகு, தொகுப்பு தங்களைத் தவறாகக் காட்டிவிட்டது என்று அந்தக் குடும்பத்தினர் வருந்தினார்கள். எது எஞ்ச வேண்டும் என்று முடிவெடுத்த கை வேறொருவருடையது. உள்ளது உள்ளபடி என்று சொல்லி வழங்கப்படும் எதன் பின்னாலும் என்னைப் போல ஒருவர் கத்தரியோடு அமர்ந்திருக்கிறார் என்பதைப் பார்ப்பவர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

மெருகு வேண்டிய கலைகளும் இருக்கின்றன. அவற்றை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. கையால் வரைந்த அசைவுப்படத்தின் ஒவ்வொரு சட்டகத்திலும், பலர் ஒரே உடலாக அசையும் நடனத்திலும் நேர்த்திதான் உயிர். அங்கே அதற்குப் பின்னால் உள்ள உழைப்பு இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் மக்கள் அவற்றைக் கைவிடவும் இல்லை.

அந்தப் பாடகி மறுபடியும் பதிவுக்கு வந்தபோது, எல்லோரும் ஒரே அறையில் அமர்ந்து வாசிக்க வேண்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன். அதன் விளைவு என்ன என்பதையும் அவரிடம் சொன்னேன்: ஒரு மைக்கின் முன் எழும் ஓசை மற்ற மைக்குகளிலும் கசியும், ஆகவே குரலை மட்டும் தனியே எடுத்துத் திருத்த முடியாது, தவறினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். "அப்படித்தானே நாங்கள் பாடக் கற்றுக்கொண்டோம், தம்பி" என்றார். நான்கு டேக் எடுத்தோம். நான்காவதில் எந்தப் பிழையும் இல்லை. மூன்றாவதில், பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் அவர் ஒரு சங்கதியை அதுவரை பாடியிராத விதமாகப் போட்டு, முடிவில் குரல் சற்றே பிசிறியது. அதைக் கேட்ட தாளவாத்தியக்காரர் தம்மை அறியாமல் "ஆகா" என்று சொல்லிவிட்டார். பிறகு அவர் என்னிடம் வந்து, தம்மால் டேக் கெட்டுப்போனதற்கு மன்னிப்புக் கேட்டார். மூன்றாவதைத்தான் வைத்துக்கொள்வது என்று பாடகியும் நானும் முடிவு செய்திருந்ததை அவரிடம் சொன்னேன். அந்த "ஆகா" எல்லா மைக்குகளிலும் பதிவாகியிருக்கிறது. இனி நினைத்தாலும் அழிக்க முடியாது.